நவம்பர் தேதி போட்ட சீட்டு

செம்பூர்
5 ஜனவரி 2025

சம்பந்தி கணேசபாண்டியனுக்கு ஆறுமுகநயினார் எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீர் யோசிப்பீர். என் மகன் ராஜபாண்டிக்கும் உம் மகள் கீதாவுக்கும் கல்யாணம் நடந்த அன்று, பந்தியில் அப்பளம் போதவில்லை என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்கு நீர் திருப்பிப் பேசிய பேச்சு இரண்டு வருடமாக என் காதில் இருக்கிறது. மறுபடி உம் குரலைக் கேட்கும் ஆசை எனக்கு இல்லை. வாட்ஸப்பில் எழுதினால் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். தமிழில், அதுவும் என் கையெழுத்தில் எழுதினால் இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு வரி விளங்காது. ராஜபாண்டிக்கு இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் தன் பெயரை எழுத வராது. ஆகவே கடிதம்தான் பத்திரம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாண்காவ் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. சம்பந்தம் பேசும்போதே சொன்னேன், நீர் வாயைப் பிளந்தது நினைவிருக்கிறது. அங்கே காட்டுப்பன்றி வந்து ஒட்டுக்கன்றுகளை வேரோடு தோண்டிப் போடுகிறது. அதற்காக முறையாக லைசன்ஸ் எடுத்து, வனத்துறை அனுமதியும் வாங்கி, ஒரு பழைய வேட்டை ரைபிள் வைத்திருக்கிறேன். நல்ல சரக்கு. குறை ஒன்றே ஒன்றுதான், டிரிக்கர் சரியில்லை. விரலுக்கு அடங்குவதில்லை. அதனால் குறி தப்புகிறது. கோட்டை ஏரியாவில் உள்ள துப்பாக்கிக் கடைக்காரன் புது டிரிக்கர் போட ஒரு விலை சொன்னான். அந்த விலைக்குப் பன்றிகளுக்கு மாம்பழமே வாங்கிப் போட்டுவிடலாம்.

நீர் முப்பது வருடமாகத் தொண்ணூறடி ரோட்டில் தையல் மிஷின் ரிப்பேரையும் தோல் வெட்டும் கத்தித் தீட்டலையும் கட்டிக்கொண்டு அழுகிறவர். இரும்பைத் தேய்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்பது இந்த ஒரு காரியத்துக்காவது பயன்படட்டும். உமக்கு இது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. டிரிக்கரை இழுக்க இதமாக ஆக்கித் தரவேண்டும்.

இன்னொன்று. வேலை முடிந்ததற்கு உம் பட்டறை லெட்டர்ஹெட்டில் ஒரு சீட்டு வேண்டும். "ரைபிள் டிரிக்கர் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தேதி மட்டும் நவம்பர் 20 என்று இருக்கட்டும். ஏன் என்று கேட்காதீர். அது காகித விஷயம். பாங்கில் முப்பத்து நாலு வருடம் இருந்தவனுக்குத்தான் அது விளங்கும்.

ஆறுமுகநயினார்

தாராவி
9 ஜனவரி 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, கணேசபாண்டியன் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து யாருக்கும் விளங்காது என்பது உண்மைதான். இரண்டு தடவை வாசித்த பிறகுதான் நீங்கள் என்னிடம் உதவி கேட்கிறீர்கள் என்பது தெரிந்தது. முதல் தடவை ஏதோ நான் உங்களுக்குக் கடன்பட்டவன் என்று நினைத்தேன்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து "ஊசி ஒடியுது, மிஷின் கெட்டுப்போச்சு" என்று சொல்கிறவனிடம், மிஷினைத் தொடுவதற்கு முன் அவனையே உட்காரவைத்து நாலு முழம் தைக்கச் சொல்வேன். பத்துக்கு எட்டு தடவை கோளாறு மிஷினில் இருக்காது. மிதிக்கிற காலில் இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நீங்கள் மலிவாக முடிக்க ஆசைப்படுவதால் காசே இல்லாத வைத்தியம் சொல்கிறேன். ரைபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். சுவரைப் பார்த்து டிரிக்கரை மெதுவாக இழுங்கள். நாணயம் விழக் கூடாது. ஒரு மாதம் தினமும் ஐம்பது தடவை இழுத்தால் டிரிக்கர் இளகிவிடும். உண்மையில் இளகுவது உங்கள் விரல்தான். ஆனால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

துப்பாக்கியை நான் தொடமாட்டேன். அதைத் தொட வேறு லைசன்ஸ் வேண்டும். என்னிடம் இருப்பது முனிசிபாலிட்டி கொடுத்த கடை லைசன்ஸ். செய்யாத வேலைக்குச் சீட்டும் தரமாட்டேன். இல்லாத நவம்பரை ஜனவரியில் எழுதுவதற்கு நான் பாங்கில் வேலை பார்க்கவில்லை.

எனக்கு உங்கள் ரைபிளும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மாப்பிள்ளை ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை? முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வந்து, என் வீட்டுக்காரி சொர்ணம்மாள் சுடுகிற தோசையைச் சாப்பிட்டுவிட்டு, பட்டறையில் உட்கார்ந்து மிஷினைக் கழற்றிப் பார்ப்பார். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து வாசல்படி மிதிக்கவில்லை. தோப்பில் முள்கம்பி கிழித்து இடது கையில் தையல் போட்டிருக்கிறது என்று கீதா சொன்னாள். பார்க்க வருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாராம். என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுடைய புருஷன் அவளுடைய அப்பன் முகத்தைப் பார்க்க மறுத்தால், பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அவள் எந்த வீட்டில் நிம்மதியாக இருப்பாள்? உங்கள் பதிலில் அதற்கு ஒரு வரி ஒதுக்கவும்.

கணேசபாண்டியன்

செம்பூர்
16 ஜனவரி 2025

கணேசபாண்டியனுக்கு,

உம் வைத்தியத்தைச் செய்து பார்த்தேன். பொங்கலன்று மட்டும் நாணயம் பதினோரு தடவை விழுந்தது. குழல் வழவழப்பானது. நாணயம் வழுக்குவது இயற்கை. தையல் மிஷின் அறிவை ரைபிளில் காட்டினால் இப்படித்தான் ஆகும். விஜயலட்சுமி என்னைப் பார்த்து, "என்ன, பூசாரி மாதிரி காசு வச்சு வெளயாடுறீங்க?" என்று கேட்டாள். கட்டின மனைவி கேலி பண்ணுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்த பெருமை உம்மையே சேரும்.

லைசன்ஸ், சட்டம் என்று எனக்கே பாடம் எடுக்கிறீர். நீர் இருக்கும் இடத்தில் எந்த வேலைதான் சட்டப்படி நடக்கிறது? ஒரே மாடியில் பெல்ட் கம்பெனி, இட்லி மாவு, போலிப் பை எல்லாம் நடக்கிற சந்து அது. உமக்கு மட்டும் திடீரென்று ஹரிச்சந்திரன் வேஷம் எதற்கு?

ராஜபாண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர். அவனுக்கு ஆபீஸில் வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாக்கடையைத் தாண்டி வந்து தோசை சாப்பிட நேரமில்லை. காயம் ஆறிவிட்டது. முள்கம்பிக் காயத்துக்கு ஊரைக் கூட்ட வேண்டாம்.

நீர் வாயால் மறுக்கிறவர், கையில் இரும்பு கிடைத்தால் சும்மா இருக்கமாட்டீர் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரி 2 வளைகாப்பு முடிந்து கீதாவைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும்போது எங்கள் பக்கத்துப் பலகாரத்தோடு டிரிக்கர் பாகத்தையும் வைத்து அனுப்புகிறேன். நானே கழற்றிவிட்டேன், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லைசன்ஸ் நகலும் கூடவே இருக்கும். பதினைந்து நாளில் சீட்டோடு திருப்பி அனுப்பவும்.

ஆறுமுகநயினார்

தாராவி
5 பிப்ரவரி 2025

ஆறுமுகநயினாருக்கு,

இதுவரை உம்மை நீங்கள் என்று எழுதி வந்தேன். மகளைக் கொடுத்த வீடு என்கிற மரியாதை அது. இன்றோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிறு வளைகாப்புக்கு நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உம் வீட்டுக்கு வந்தோம். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் இலையில் உட்கார்ந்தபோது, வயிறு சரியில்லை என்று பால்கனிக்குப் போய்விட்டார். மாமனார் வீட்டுச் சோற்றை மாப்பிள்ளை தொடவில்லை என்பதை வந்திருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். கீதா வளையல் நிறைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சியில் வரும்போது என்னிடம், "யப்பா, அவுகளுக்கும் ஒங்களுக்கும் என்ன சண்ட? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க" என்றாள். நான் என்ன சொல்வேன்? எனக்கே தெரியாத சண்டை.

வீட்டுக்கு வந்து சொர்ணம்மாள் உம் லட்டு டப்பாவைத் திறந்தாள். முதல் லட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். இரண்டாவதை எடுத்தவள், "ஏங்க, லட்டுக்கு அடியில என்னமோ இரும்பு கெடக்கு. சம்பந்தி வீட்டுல பல்லு ஒடையணும்னே குடுத்து விட்டாகளா?" என்றாள். நெய் பட்டு பளபளவென்று இருந்தது உம் டிரிக்கர். சீர்வரிசையில் துப்பாக்கிச் சாமான் வைத்து அனுப்பிய முதல் சம்பந்தி நீர்தான்.

முதலில் ஒன்று. ரைபிளின் அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி அனுப்பி டிரிக்கரைச் சரிபண்ணச் சொல்வது, மாட்டின் வாலை மட்டும் வெட்டி அனுப்பி வைத்தியம் பார்க்கச் சொல்வது போன்றது. அது எதன்மேல் உட்கார்ந்து எப்படி நகர்கிறது என்று ரைபிளோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் வாலைப் பார்த்தே எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது.

அரம் பிடிக்கத் தெரிந்தவன் கை பட்டால் இரும்பின் முகம் தட்டையாக இருக்கும். தெரியாதவன் கை ஊஞ்சலாடும், ஓரம் மழுங்கி உருண்டுபோகும். என்னிடம் வேலை கற்க வருகிறவர்கள் முதல் வாரம் கெடுத்துப் போடுகிற துண்டுகள் எல்லாம் அந்த மாதிரிதான் இருக்கும். உம் டிரிக்கரில் இருப்பது அந்தக் கை. தேய்த்த இடம் இன்னும் புதிது, கறுக்கவில்லை.

அதை என் வீட்டில் ஒரு ராத்திரிகூட வைத்திருக்க எனக்கு மனமில்லை. கடை மூடும் முன் கோட்டைக்குப் போய், லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் ஜஹாங்கீரிடம் கொடுத்தேன். உமக்கு விலை சொன்னது அவர்தானாம். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கழுதை பார்த்த வேலை?" என்று இந்தியில் கேட்டார். இவ்வளவு தேய்த்தால் ரைபிள் தும்மினாலே வெடிக்கும், விரலே வைக்க வேண்டாம் என்றார். பாகம் உம் பெயரில் அவரிடம் இருக்கிறது. ரசீது இத்துடன்.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லும். டிரிக்கர் கனமாக இருந்ததால் அல்ல, நீர் தேய்த்து லேசாக்கியதால்தான் குறி தப்பியது. வளைகாப்பன்று மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். முள்கம்பி கிழித்தால் கோணல்மாணலாகக் கிழியும். அவர் கையில் இருப்பது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற தழும்பு. சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. நீர் உம் மகனைச் சுட்டிருக்கிறீர். அதற்கு நவம்பர் தேதி போட்ட சீட்டு என் பட்டறையிலிருந்து எதற்கு?

கணேசபாண்டியன்

செம்பூர்
12 பிப்ரவரி 2025

கணேசபாண்டியனுக்கு,

சுட்டேன் என்று எழுத உமக்கு எப்படிக் கை வந்தது? அது விபத்து.

ஆமாம், நான்தான் தேய்த்தேன். ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் பத்தே நிமிடத்தில் செய்தான். ஜஹாங்கீர் ஒரு சின்ன துண்டு இரும்புக்குக் கேட்ட காசு எனக்கு வயிற்றெரிச்சல். அரம் வாங்கி வந்து பால்கனியில் உட்கார்ந்து தேய்த்தேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. டிசம்பர் 1 விடியற்காலை தோப்பில் வேலி உடைந்திருந்த பக்கம் ராஜபாண்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நான் ரைபிளை உயர்த்தினேன், அவ்வளவுதான். விரல் இன்னும் உள்ளே போகவேயில்லை. அவன் முழங்கைக்குக் கீழே உரசிக்கொண்டு போனது. தெரிந்த கம்பவுண்டர் ஒருவன் தையல் போட்டான். வீட்டில் முள்கம்பி என்று சொன்னோம்.

வண்டியில் திரும்பி வரும்போது ராஜபாண்டி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பனவேல் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். அவன் பேசாமல் வந்தது எனக்குத் தாங்கவில்லை. "போன வாரம் உன் மாமனார் பட்டறையில குடுத்து சரி பண்ணினேன்டா, அவர் கெடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அது. ஏதாவது ஒரு பெயர் வந்துதானே ஆக வேண்டும்?

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "சரிப்பா. இத யார்கிட்டயும் சொல்ல வேணாம், கீதாகிட்டயும் சொல்ல வேணாம்" என்றான். அவ்வளவுதான். உம்மைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகக் கூடாதே என்று மனைவிக்காக வாயை மூடிக்கொண்டான். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்திருக்கிறேன். நீர் நன்றியோடு இருக்க வேண்டும்.

இப்போது நிதானமாக யோசித்துப் பாரும். எனக்குப் பென்ஷன் இருக்கிறது. ஹவுசிங் சொசைட்டியில் இரண்டாவது முறையாகச் செக்ரட்டரி. கோயில் கமிட்டியில் பெயர் இருக்கிறது. இது வெளியே வந்தால் எனக்குப் போவது எவ்வளவு? உமக்கு என்ன போகும்? தாராவியில் ஒரு பட்டறைக்காரன் ஒரு வேலையைக் கெடுத்தான் என்றால் யாராவது ஆச்சரியப்படுவார்களா? நாளைக்கு ராஜபாண்டி ஆதாரம் கேட்டால் காட்ட என்னிடம் ஒரு காகிதம் வேண்டும். சீட்டை அனுப்பும். அவனை வாரம் ஒருமுறை உம் வீட்டுக்கு வரச் சொல்வது என் பொறுப்பு. நான் சொன்னால் கேட்பான்.

ஆறுமுகநயினார்

தாராவி
17 பிப்ரவரி 2025

ஆறுமுகநயினாருக்கு,

உம் கடிதத்தை நாலாக மடித்து, பட்டறையில் ஊசி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்த இடத்தைக் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பியவர் நீர் ஒருவர்தான். முப்பத்து நாலு வருடம் அந்த பாங்க் எப்படிப் பிழைத்தது?

மகனைச் சுட்டது விபத்து என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரும்பு தெரியாதவன் இரும்பைத் தொட்டால் அப்படித்தான் ஆகும். அதற்காக உம்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, இளக்காரம்தான். ஆனால் குண்டு பட்ட பிள்ளை பக்கத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, பனவேல் தாண்டுவதற்குள் அவனுக்குச் சொல்ல ஒரு பொய் தேடினீரே, அதற்கு என்ன பெயர் வைப்பது? உம் அப்பா இதே தாராவியில், எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பம்படியில் எனக்குப் பின்னால் குடம் வைத்துக் காத்திருந்தவர். என் முறை வந்தும் வயசாளி என்று அவரை முன்னால் விட்டிருக்கிறேன். அவர் பிள்ளை பால்கனி வைத்த வீட்டுக்குப் போனதும், தன் அழுக்கைத் துடைக்கத் தாராவியில் ஒரு துணி கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இங்கே கீதா இருக்கிறாள். மாப்பிள்ளை போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறார். தெருவில் பைக் சத்தம் கேட்டால் இவள் எழுந்து வாசலுக்குப் போகிறாள், ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ. நீர் உம் சொசைட்டி செக்ரட்டரி பதவியைக் காப்பாற்றுகிற விலை இதுதான்.

சீட்டு தரமாட்டேன். நான் சொல்கிறபடி நீர் இரண்டு காரியம் செய்யும். ரைபிளை முறைப்படி ஒப்படைத்துவிடும். அரம் பிடிக்கவும் தெரியாமல், மூன்று அடிக்கு முன்னால் மகன் நிற்பதும் தெரியாமல் இருப்பவர் கையில் அது இருக்க வேண்டாம். இரண்டாவது, மாப்பிள்ளையிடம் நீரே உண்மையைச் சொல்லும். சிவராத்திரிக்குப் பிறகு ஒரு வாரம்வரை காத்திருப்பேன். அதற்கு மேல் நான் உம் கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத்தான் வராது, காது நன்றாகக் கேட்கும்.

கணேசபாண்டியன்

செம்பூர்
3 மார்ச் 2025

கணேசபாண்டியனுக்கு,

உம் மிரட்டலுக்காக அல்ல, எனக்கே அந்தச் சனியன் அலுத்துப்போனதால் ரைபிளை ஒப்படைத்துவிட்டேன். லைசன்ஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. தோப்பைச் சுற்றி மின்வேலி போட ஆள் பார்த்திருக்கிறேன். உம் முதல் நிபந்தனை நிறைவேறியது. அத்தோடு விட்டுவிடுவதுதான் பெரிய மனிதனுக்கு அழகு. நீர் பெரிய மனிதன் இல்லை என்பதால் மேலே எழுத வேண்டியிருக்கிறது.

ராஜபாண்டியிடம் சொல்வதால் யாருக்கு லாபம்? அவன் பழையபடி இருக்கிறான். அவனுக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் முன்னைவிட மரியாதையாக இருக்கிறான். இந்த மூன்று மாதமாகத் தினமும் காலையில் டீயை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்காருகிறான். முன்பு அப்படி உட்காரமாட்டான், பேப்பரோடு அறைக்குள் போய்விடுவான். நேற்றுகூட டீயைக் குடித்துவிட்டு, "எதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டான். கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேன். உடனே பண்ணினான். அதற்கு முந்தின நாளும் இப்படித்தான் கேட்டான். கரண்ட் பில் கட்டச் சொன்னேன். எத்தனை வீட்டில் பிள்ளைகள் அப்பனிடம் இப்படிக் கேட்கிறார்கள்?

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வது? மூன்று தடவை வாயெடுத்தேன். சொன்னால் அந்த டீயோடு எல்லாம் போய்விடும். உமக்கு ஒரு மகளாவது வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

பணம் காசாக ஏதாவது வேண்டும் என்றால் எழுதும். பிரசவச் செலவு முழுவதும் நான் பார்க்கிறேன். செம்பூரில் நல்ல ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். கடிதத்தை மட்டும் கிழித்துப்போடும். கேட்டுக்கொள்கிறேன். இதைவிடத் தாழ்ந்து எனக்கு எழுத வராது.

ஆறுமுகநயினார்

தாராவி
10 மார்ச் 2025

ஆறுமுகநயினாருக்கு,

பிரசவம் இங்கேதான். பணம் வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியும் உள்ளே வராமல் நின்றார். கீதா எழுந்து வந்தாள். "கொஞ்சம் மாமாகூட பேசிட்டு வந்துடறேன்" என்றார் அவளிடம். மூடியிருந்த பட்டறையைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

நான் கெடு வைத்த நாள் முடிந்துவிட்டது. ஆகவே ஊசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து உம் கடிதத்தை எடுத்து விரித்தேன். முதல் வரியை ஆரம்பிப்பதற்குள் அவர் கையை நீட்டிக் கடிதத்தின் மேல் வைத்தார், அந்த மடங்காத இரண்டு விரலோடு.

"படிக்க வேணாம் மாமா. அப்பா எழுத்துன்னு தெரியுது. என்ன எழுதிருப்பாருன்னும் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நவம்பர்ல ஒரு சண்டே நான் எழுந்து வந்தப்போ அப்பா பால்கனில உக்காந்து தேய்ச்சிட்டு இருந்தாரு. மொபைல்ல வீடியோ ஓடுச்சு. என்னைப் பாக்கல. அவரு குளிக்கப் போனதும் அந்த இரும்புப் பொடிய எல்லாம் நான்தான் ஜாடு போட்டுக் கூட்டி எடுத்தேன், அம்மா கால்ல குத்திடும்னு. அப்போ நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கணும் மாமா. சொல்லல. குண்டு பட்டது ஆக்சிடென்ட். அதுக்கு நான் அப்பா மேல கோவப்படவே இல்ல. வண்டில வரும்போது, இப்போ சாரி சொல்வாரு, இப்போ சொல்வாருன்னு பாத்துட்டே வந்தேன். உங்க பேரச் சொன்னாரு. அது ஆக்சிடென்ட் இல்லயே."

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை, எங்கள் சோற்றை ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவேன் மாமா? எங்க அப்பா உங்க பேர நாறடிச்சிட்டு இருக்காரு, நான் உங்க வீட்ல உக்காந்து தோசை சாப்பிடவா? ஷரம் ஆயிருச்சு, தலையக் காட்ட வெக்கம். அவரு சொல்லிட்டாருன்னா அன்னைக்கே ஓடி வந்துடலாம்னு இருந்தேன். டெய்லி கேக்குறேன். நேத்து கீதா போன்ல அழுதுட்டா. அதான் வந்துட்டேன்."

உம்மை அவர் மூன்று மாதமாக வெறுக்கிறார் என்று நினைக்காதீர். வெறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான்தான் உம்மை வெறுக்கிறேன். அவர் உம் எதிரே வந்து உட்கார்ந்து, நீர் ஒரு மனிதனாக இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறார். நீர் அவரைச் சிலிண்டர் புக் பண்ண அனுப்புகிறீர்.

கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அவரா சொல்லட்டும்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு இன்று இதை எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீறிய மாமனார் என்கிற பெயர் எனக்கு இருக்கட்டும். நீராகவே சொல்லுவீர் என்று நம்புகிற அளவுக்கு எனக்கு உம்மேல் மரியாதை இல்லை. அவருக்கு இருக்கிறது.

அவர் கீதாவோடு உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் வருவார்.

உம் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீர் கேட்டதற்காக அல்ல. இனி அதற்கு வேலை இல்லை.

நாளைக் காலையும் அவர் உம்மிடம் கேட்பார் என்று நினைக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகும் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது.

கணேசபாண்டியன்